இரண்டு சீட்டு, ஓர் உடல்

மாமல்லபுரத்தை அடுத்த தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து விடியலில் மீன்கூடை சுமந்து புறப்படும் பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். வயது முப்பத்தைந்து. காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள். பொழுது சாயச் சாய இமை தொங்குகிறது. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. கூடையைத் தூக்கக் கை மறுக்கிறது. 'சோம்பேறி' என்கிறது வீடு. மாதவிலக்கு நின்று ஓராண்டாகிறது, பிள்ளையும் இல்லை. 'மலடி' என்கிறது ஊர். இவ்விரு பழிச்சொற்களும் நோய்க்குச் சூட்டப்பட்ட தவறான பெயர்களே என்பது என் கருத்து.

முன்னது மையஸ்தீனியா கிரேவிஸ் என்னும் தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். நரம்பின் கட்டளையைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. 1973இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்னும் அறிவியலார், மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். முயல்களும் அவ்வாறே தளர்ந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

பின்னது, நாற்பது வயதுக்கு முன்பே சூலகம் ஓய்ந்துவிடும் நிலை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அதே வேலி சூலகத்தையும் மேய்வது. இவ்விரண்டும் ஒருத்தியிடமே சேர்ந்து வருவது அரிது. ஆயினும் மருத்துவ உலகம் அறிந்ததே.

அரிதான ஒன்றை ஏன் எழுத வேண்டும் எனலாம். காரணம் உண்டு. தசைச் சோர்வுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்டால் எலும்பு மெலியும். சூலகச் சுரப்பு குறைந்தாலும் எலும்பு மெலியும். நரம்புப் பிரிவில் ஒரு சீட்டு, மகளிர் பிரிவில் ஒரு சீட்டு என அவள் அலைந்து, அங்குள்ளதை இங்குச் சொல்லாவிட்டால், இந்த இரட்டை இழப்பை யார் காண்பார்? இரண்டுக்கும் மருத்துவம் உண்டு. சேர்த்துப் பார்க்கும் கண்தான் வேண்டும்.

பெண்கள் வெட்கத்தால் சொல்வதில்லை என்பர். கேட்டால்தானே சொல்வார்கள்! இமை தொங்கும் இளம்பெண்ணிடம் மாதவிலக்கைப் பற்றியும், மாதவிலக்கு நின்றவளிடம் கை கால் சோர்வைப் பற்றியும் மருத்துவர் கேட்பது கடமையாக வேண்டும்.

நமக்கும் பங்குண்டு, நண்பர்களே! 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டிலேயே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கடலோரம் செல்லும்போது, மரம் நடுவதோடு இதையும் சொல்லி வருவோம்: "இரண்டு சீட்டையும் ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள், அக்கா."