நாட்டுத் துப்பாக்கிக்கு ஏழு வருஷம்

அமெரிக்காவில் ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. இருநூறு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாதிரி சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியை உதிரி பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இரும்புக் குழல், கல்லைப் பிடித்து அடிக்கிற விசை, பித்தளைப் பட்டைகள், பாதி செதுக்கிய மரக்கட்டை. மிச்ச வேலையை வாங்கினவரே வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் என் அக்கா மகனும் ஒன்று வாங்கியிருக்கிறான். "மாமா, உங்களுக்குத்தான் ஆசாரி வேலை கைவருமே, நீங்களும் ஒண்ணு செஞ்சு வச்சா வயல்ல பறவை விரட்ட ஆகுமே"ன்னு போன்ல சொன்னான். "அது உங்க ஊர்ல பொழுதுபோக்குடா, எங்க ஊர்ல அதுக்குப் பேர் நாட்டுத் துப்பாக்கி"ன்னேன்.

அந்த வேலை அழகான வேலைதான், அதை மறுக்க மாட்டேன். குழலும் விசையும் இடைவெளி இல்லாமல் மரத்துக்குள் உட்கார வேண்டும். அதற்குக் குழலில் புகைக்கரி தடவி மரத்தில் அழுத்திப் பார்ப்பார்களாம். கரி ஒட்டின இடத்தை மட்டும் உளியால் சீவி எடுப்பது, திரும்ப அழுத்துவது. கலப்பைக்குக் கொழு பொருத்துகிற ஆளுக்கு இந்தப் பொறுமை புரியும். அப்புறம் மரத்தை ஈரத்துணியால் துடைத்தால் நார் எழும்பி நிற்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். கடைசியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது என்று பல நாள் பூசுவார்கள். குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, திரும்பத் துருப்பிடிக்க விட்டு பழுப்பு நிறம் ஏற்றுவார்கள். உப்புக்காற்றில் குடியிருக்கிற எங்களுக்குத் துருவை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை, அது வேற விஷயம்.

அங்கே இதை ஏன் விடுகிறார்கள் என்றால், 1968-ல் வந்த அவர்களுடைய மத்தியச் சட்டம் இந்த மாதிரி கருமருந்துத் துப்பாக்கியை, புது நகலாக இருந்தாலும், பழம்பொருள் கணக்கில் வைத்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டைத் தள்ளி, ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய ஆயுதத்தை அவர்கள் தனியாகப் பார்க்கிறார்கள்.

இங்கே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதக் கணக்குதான். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பதும் பழுது பார்ப்பதும் குற்றம். 2019-ல் வந்த திருத்தம் அந்தத் தண்டனையை மூன்றிலிருந்து ஏழு வருஷம் என்று இருந்ததை, குறைந்தது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள் என்று ஏற்றிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வெறுமனே வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் போனால் ஐந்து. கருமருந்துக்கு வெடிபொருள் சட்டம் தனி.

கூலிப்படைக்காரன் கையில் இருக்கிற பிஸ்டலுக்கு இவ்வளவு கடுமை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொக்கு சுட வைத்திருந்த துருப்பிடித்த குழலுக்கும் அதே பிரிவுதான். இதில் வேடிக்கை, இரண்டும் ஒன்றில்லை என்று அதே சட்டத்துக்கே தெரியும். 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்க் காவலுக்கென்று உண்மையாகக் கேட்கிற விவசாயிக்கு, வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரி நினைத்தால்தான் வேறு துப்பாக்கி. ஆக, லைசென்ஸ் தரும்போது அது சாதுவான கருவி, வழக்குப் போடும்போது பயங்கர ஆயுதம்.

எங்கள் ஏரிக்கும் இந்த மருந்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்து ஆலையும் நடந்தது. இங்கே அரைத்த மருந்து கப்பலேறி பட்டாவியா வரைக்கும் போனது. இப்போது அங்கே போகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு, இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு என்று வைத்தார்கள். ஆளைப் பார்த்துச் சட்டம் பேசுகிற பழக்கம் அப்போதே இருந்தது.

இன்றைக்கும் குடகில் குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. 2019-ல், அதாவது தண்டனையை ஏற்றின அதே வருஷம், அந்த விலக்கை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டினார்கள். கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அது அவர்கள் பண்பாடு, எனக்கு வருத்தமில்லை. நம்ம நரிக்குறவர்களுக்கும் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில்தான். குருவிக்காரர் என்ற பேரே வேட்டையிலிருந்து வந்தது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை போனது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். நடுவில் அந்த ஐம்பது வருஷம் அவர்கள் என்ன செய்து பிழைத்தார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி விற்கிறதைப் பார்த்த உங்களுக்கே தெரியும்.

வேட்டையைத் திரும்ப விடு என்று நான் கேட்கவில்லை. பழவேற்காடு 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் பூநாரை வந்து நிற்கிற தண்ணீர் ஓரத்தில் துப்பாக்கிச் சத்தமே கேட்கக் கூடாது. நாரை சுடுகிறவன் யாராக இருந்தாலும் வனச் சட்டப்படி தண்டிக்கட்டும். என் கேள்வி அதற்கு மேலே வந்து விழுகிற ஏழு வருஷத்தைப் பற்றித்தான். வாய்வழித் துப்பாக்கியை ஆயுதச் சட்டத்தின் தண்டனைப் பிரிவில் தனியாகப் பிரிக்க வேண்டும். ஆளைக் கொல்லத் தூக்கினால் கொலைக்கான சட்டம் இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று. மலையோர மாவட்டங்களில் நாட்டுத் துப்பாக்கியைத் தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது. நல்ல காரியம். ஆனால் வந்து சேருவதை எல்லாம் உருக்கிவிடாமல், நல்லதாகப் பத்துப் பதினைந்தை எடுத்து, குழலில் துளை போட்டுச் சுட முடியாதபடி ஆக்கி வைக்கலாமே? பழுது பார்த்தாலும் சுட வராத பழைய ஆயுதத்துக்கு 45-வது பிரிவு விலக்கே கொடுக்கிறது. எழும்பூர் மியூசியத்தில் ராஜாக்களின் ஆயுதம் இருக்கிறது. பட்டறையில் இரும்பை அடித்துக் குழலாக்கின கொல்லனுடைய வேலை எங்கே இருக்கிறது? அதைச் செய்யத் தெரிந்த கிழவர்கள் கேஸுக்குப் பயந்து வாயே திறப்பதில்லை. அவர்கள் போய்விட்டால் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நாமும் அமெரிக்காக்காரன் வீடியோவைத்தான் பார்க்க வேண்டும்.

பயிர்க் காவலுக்கு எனக்கு லைசென்ஸ் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். எங்கள் பக்கம் நெல்லைக் கெடுப்பது தாழைக்கோழியும் எலியும். தாழைக்கோழியைச் சுடச் சட்டம் விடாது, எலியைச் சுட்டால் ஊரே சிரிக்கும். வரப்போரம் பளபளக்கிற ரிப்பன் கட்டியிருக்கிறேன், காற்றில் விர்ருன்னு சத்தம் போடும். நாலு நாளைக்குத் தாழைக்கோழி பயப்படும். அஞ்சாவது நாள் ரிப்பன் கம்பு மேலேயே வந்து உட்காரும். கம்பை இடம் மாற்றி நடணும், அவ்வளவுதான்.