எந்த ஆண்டின் எஞ்சின்?

எமது கல்லூரியின் யூபிலிப் பொருட்காட்சிக்கென ஜேர்மனியில் வாழும் பழைய மாணவர் ஒருவர் ஒரு புகையிரத எஞ்சினைக் கொணர்ந்தார். வாசகர் வியத்தல் வேண்டா. அது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள மாதிரியே. பிரஷ்ய அரச புகையிரதப் பகுதியினர் 1906ஆம் ஆண்டு முதலாகச் செய்வித்த பி-8 என்னும் நீராவி எஞ்சினை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி அதனைச் செய்துள்ளனர். விழாக் குழுவினர் அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்து, அருகில் வைத்தற்குரிய குறிப்பைத் தமிழில் நான்கு வரியில் எழுதித் தருமாறு எம்மைப் பணித்தனர். நான்கு வரிதானே என்று நாமும் இசைந்தோம். அந்நான்கு வரிக்கும் மூன்று கிழமை சென்றன. அவ்வாறு சென்றதன் காரணத்தைப் பழைய மாணவர் முன்னும் இன்றைய மாணாக்கர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

முதல் நாள் நாமும் அதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருளென்றே மதித்தோம். மறுநாள் பௌதிக ஆய்வுகூடத்து உருப்பெருக்குங் கண்ணாடியை வாங்கிப் பார்த்தபோது அம்மதிப்பு மாறிற்று. கொதிகலத்தின் பக்கமாக ஓடும் கைப்பிடிக் கம்பி தலைமயிர் நாலைந்தைச் சேர்த்துப் பிடித்த பருமனுடையது. தறையாணித் தலைகள் வரிசை தப்பாது நிற்கின்றன. மின்னோட்டத்தைச் சிறிது செலுத்தினால், சக்கரங்களைப் பிணைக்கும் கோல்களும் நீராவி வாயில்களை இயக்கும் சிறு நெம்புகளும் மூல எஞ்சினில் எவ்வாறு அசையுமோ அவ்வாறே அசைகின்றன. ஓட்டுநர் அறையின் பக்கத்தே பொறித்த எண் கடுகளவும் இல்லை. ஆயினும் சிதையாது வாசிக்கக் கிடக்கின்றது. ஒற்றுப்பிழையின்றி ஒரு பக்கம் எழுதுக என்றாற் சலித்துக்கொள்ளும் எட்டாம் வகுப்பினரை நாம் வேண்டுமென்றே அப்பேழையின் முன் அழைத்துச் சென்று நிறுத்தினோம். பயன் விளைந்ததோ என்பது அடுத்த தவணைக் கொப்பிகளிற் தெரியும்.

மூல எஞ்சினின் வரலாறு அறியத்தக்கது. பி என்பது பயணிகள் வண்டியைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. அதனை வகுப்பித்தவர் பேர்லினிற் புகையிரத நிருவாகத்திற் கடமையாற்றிய றொபேட் கார்பே என்பவர். கொதிகலத்தில் எழும் நீராவி ஈரமுடையது. உருளையின் சுவரிற் பட்டவுடன் அதில் ஒரு பகுதி நீராகித் தன் வலியை இழந்துவிடும். வில்ஹெல்ம் ஷ்மிட் என்னும் பொறியியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். ஏறக்குறைய 190 பாகைச் சூட்டில் எழும் நீராவியைப் புகைக்குழாய்களினூடே மீண்டும் செலுத்தி 350 பாகை வரையிற் சூடேற்றினால் அது நன்குலர்ந்து, அதே நிலக்கரிக்கு மிகுந்த வேலை செய்யும். இதனை முதலில் உணர்ந்து பற்றிக்கொண்டவருள் கார்பே ஒருவர். பிறர் நான்கு உருளைகளும் சிக்கலான அமைப்புங் கொண்ட எஞ்சின்களை நாடிய காலத்தில், உலர்ந்த நீராவி இருக்கும்போது இரண்டு உருளை போதும், பழுதுபார்த்தலும் எளிது என்று அவர் விடாது வாதித்தார். அவர் கருதியது முற்றும் நிறைவேறிற்று எனல் இயலாது. மணிக்கு 110 கிலோமீற்றர் ஓடும் என்று எண்ணியது, அவ்வேகத்தில் ஆட்டம் மிகுந்தமையால் 100 கிலோமீற்றருக்கு மட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும் 1923ஆம் ஆண்டு வரையிற் பிரஷ்யாவுக்கென மட்டும் 3,400க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. 1918இற் போர் ஓய்ந்தபோது ஜேர்மனி 5,000 எஞ்சின்களை ஒப்படைத்தல் வேண்டும் என நேச நாடுகள் விதித்தன; அவ்வகையால் இவற்றுட் பல பெல்ஜியத்திலும் பிற நாடுகளிலும் வேறு பெயரும் எண்ணும் பெற்று ஓடின. பிரஷ்யா என்னும் அரசோ 1947 பெப்ரவரி 25ஆந் திகதி நேச நாடுகளின் சட்டம் ஒன்றினால் ஒழிக்கப்பட்டது. அரசு ஒழிந்த பின்னும் அதன் எஞ்சின் மேற்கு ஜேர்மனியில் 1970களின் நடுப்பகுதிவரை பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது.

இனி மாதிரிக்கு வருவோம். பௌதிக ஆசிரியர் அதனை ஒரு பார்வையில் ஒதுக்கிவிட்டார். "நெருப்பில்லை, நீரில்லை, உள்ளே மின்மோட்டர். இதனை நீராவி எஞ்சின் என்று மாணாக்கருக்குக் காட்டலாமோ, மாஸ்டர்?" என்றார். அவர் கூற்றிற் பொருளுண்டு. ஆனால், காகிதம் ஒன்றில் நாம் இருவரும் கணக்கிட்டுப் பார்த்தபோது அவரே பிற்பாடு மகிழ்ந்தார். நீளத்தை 87இல் ஒன்றாக்கினால் பரப்பு 7,569இல் ஒன்றாகும். கனவளவோ 658,503இல் ஒன்றாகிவிடும். மூல எஞ்சினின் பின்னே செல்லும் வண்டி 21,500 லீற்றர் நீர் கொள்ளும். மாதிரியில் அது 33 மில்லிலீற்றர், ஒரு தேநீர்க்கோப்பையிற் கால்வாசியும் நிரம்பாது. அத்துணைச் சிறு நீரைக் கொதிக்கவைத்தால், கனவளவுக்குப் பரப்பு மிகுந்திருப்பதனாற் சூடெல்லாம் சுவர்வழியே கழிந்துபோம். 78 தொன் எஞ்சின் கணக்கின்படி 118 கிராம் ஆகல் வேண்டும். அந்நிறையில் அது தண்டவாளத்தைப் பற்றி வண்டிகளை இழுக்காது. ஆதலின் நாகக் கலப்புலோகத்தில் வார்த்து நிறையைக் கூட்டுகின்றனர். சக்கர விளிம்பும் அப்படியே. உண்மை அளவிற் செய்தால் மூன்றில் ஒரு மில்லிமீற்றர். மேசைத் தண்டவாளத்தில் அது நில்லாது, எனவே ஏறத்தாழ மும்மடங்காக்குவர். மேசைப் பாதையின் வளைவை மூல அளவிற்குப் பெருக்கினால் முப்பது மீற்றர் ஆரையே வரும். அவ்வளைவில் எந்தப் பி-8 உம் திரும்பியிராது.

எனவே உண்மைபோல் விளங்குதற்கு மாதிரி செய்வோன் சிலவிடங்களிற் பொய் கூறியே ஆகவேண்டும். அப்பொய்களுக்கு நியாயம் உண்டு. அறிந்து செய்தவை, அளவு தெரிந்து செய்தவை. அவற்றை நாம் குறைகூறோம். எம்மை மூன்று கிழமை தடுத்து நிறுத்தியது வேறொன்று.

பெட்டியின்மீது பிரஷ்ய எஞ்சின் என்று அச்சிட்டிருந்தது. பிரஷ்யர் காலத்து எஞ்சின் பச்சை நிறம். சக்கரங்களும் சட்டமும் செம்மண்ணிறம். பேழையிலுள்ளதோ கருமை, சக்கரங்கள் செம்மை. புகைப்பெட்டியின் இருமருங்கும் யானைச்செவி போன்ற பெருந் தகடுகள் நிற்கின்றன. புகை ஓட்டுநரின் கண்ணை மறையாது மேலெழுதற்கு அவை பிற்காலத்திற் பூட்டப்பட்டன. எண்ணும் 38 என்று தொடங்குகின்றது. அவ்வகை எண்முறை 1920களில், எல்லா மாநிலப் புகையிரதங்களும் ஒன்றாகி ஜேர்மன் அரச புகையிரதமான பின்னர் வந்தது. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் ஒரு பாடபேதத்தைக் கொண்டே ஏட்டின் காலத்தை உரைப்பர். அவர்போல நாமும் நிறம், தகடு, எண் என ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு சென்றோம். ஈற்றில் முன்புறக் குறுக்குச் சட்டத்தில், தூசியெனத் துடைக்கப்போன இடத்தில், வெண்ணிறத்தில் ஒரு திகதி இருக்கக் கண்டோம். எஞ்சின் இறுதியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதியை அவ்விடத்தில் எழுதுதல் அந்நாட்டு வழக்கம். ஆண்டு 1938.

அவ்வாண்டைக் கண்ட பின்னர், 'பிரஷ்ய எஞ்சின்' என்று மட்டும் எழுத எமக்குக் கை எழவில்லை. 1938இற் சோதித்து விடப்பட்ட எஞ்சின் 1941இலும் ஓடியிருக்கும். 1941 ஒற்றோபர் 18ஆந் திகதி பேர்லினிலிருந்து யூத மக்களை ஏற்றிய முதல் வண்டி கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அதன்பின் போர் முடியுமளவும் அப்புகையிரதம் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் அம்மக்களைக் கொலை முகாம்களுக்குக் கொண்டுசென்றது. அதற்குக் கட்டணமும் அறவிட்டது! மூன்றாம் வகுப்புக் கணக்கு, கிலோமீற்றருக்கு 4 பெனிக். பத்து வயதுக்குட்பட்டோர்க்கு அரைக் கட்டணம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். நானூறு பேருக்கு மேற்பட்ட கூட்டமாயின் பாதித் தள்ளுபடி. காவலருக்குத் திரும்பிவரவும் கட்டணம் கணக்கிட்டனர். மற்றையோர்க்குப் போகும் வழிக்கு மட்டும். எந்த வண்டியை எந்த எஞ்சின் இழுத்தது என ஆராய்தல் எம் நோக்கமன்று. பழைய பிரஷ்ய எஞ்சின்கள் அப்புகையிரதத்தின் வலுவிற் பெரும்பங்கு என்பது போதும்.

குழுவில் இதனைக் கூறியபோது எதிர்ப்பு எழுந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர், இரும்பு என்ன பாவம் செய்தது, சிறுவர் கண்டு களிக்கும் பொருளின்மேல் இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்றார். இரும்பின்மேற் பழி சுமத்த நாம் எண்ணவில்லை. கார்பே 1906இற் பேர்லினில் இருந்து எண்ணியது நிலக்கரிச் செலவைப் பற்றியே. அவருக்கும் பின்னிகழ்ந்தவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தறையாணி ஒன்று குறைந்தாற் பொறுக்காத கைகள் அச்சட்டத்தில் 1938 என்று எழுதியிருக்கின்றன. ஆணியை எண்ணுகின்ற நாம் ஆண்டை மட்டும் வாசியாது விடுதல் எவ்வகை நுணுக்கம்? பச்சை நிறத்ததாய் 1910 என்றிருந்தால் நாமும் வேறு குறிப்பு எழுதியிருப்போம். அவ்வாண்டைத் தேர்ந்தவர் நாமல்லேம்.

கொணர்ந்த பழைய மாணவருக்கும் முதலில் மனக்குறையே. "சேர், வடிவாயிருக்குது எண்டுதான் வாங்கினனான்" என்றார். மறுநாட் காலையில் அவர் தாமாகவே எம்மைத் தேடி வந்தார். ஜேர்மனியில் தாம் குடியிருக்கும் வீதியில், நடைபாதையில், ஒரு வீட்டு வாயிலின்முன் பித்தளைத் தகடு போர்த்த சிறு கற்கள் பதிந்திருக்கின்றன என்றும், அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் பெயர்கள் அவற்றில் உள்ளன என்றும், பதினொரு ஆண்டுகளாக அவற்றைத் தாண்டி வேலைக்குப் போகின்ற தாம் ஒருநாளேனும் குனிந்து வாசித்ததில்லை என்றும் சொன்னார். பேர்லினில் குறூனவால்ட் நிலையத்தின் 17ஆம் மேடை ஓரமாக 186 இரும்புத் தகடுகளைப் பதித்து, ஒவ்வொன்றிலும் வண்டி புறப்பட்ட திகதியையும் ஏற்றப்பட்டோர் தொகையையும் சேரிடத்தையும் பொறித்து, 1998இல் ஜேர்மன் புகையிரதத்தாரே நினைவிடம் அமைத்துள்ளதை நாம் அவருக்குக் கூறினோம். அந்நாட்டார் தம் நிலையத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்ததை நாம் ஒரு கண்ணாடிப் பேழையின் ஓரத்தில் எழுத அஞ்சுவானேன்?

குழுவில் எழுவர், நால்வர் இசைந்தனர். குறிப்பு இவ்வாறு நின்றது:

பிரஷ்ய பி-8 வகை நீராவி எஞ்சின், 1906. வகுப்பித்தவர் றொபேட் கார்பே, பேர்லின்.
மாதிரியின் அளவு: 87இல் ஒரு பங்கு.
இது காட்டும் தோற்றம்: ஜேர்மன் அரச புகையிரதம், 1938.
1941 முதல் அப்புகையிரதம் யூத மக்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றது.

நான்காம் வரியை வாசித்துவிட்டுச் சில பெற்றோர் பிள்ளைகளை விரைந்து அடுத்த மேசைக்கு அழைத்துச் சென்றதையும், வேறு சிலர் நின்று விளக்கியதையும் கண்டோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், இது ஓடுமோ?" என்று மட்டும் கேட்டான். ஓடும் என்றோம். இறுதிநாள் மாலையில் நாலு முழ மேசையில் வட்டப்பாதை அமைத்து ஓட்டியும் காட்டினோம். நான்காம் வரிக்கு எதிராக நின்ற மூத்த ஆசிரியரே விசையைத் திருப்பினார்.

மாதிரி இப்பொழுது நூலகத்தில் இருக்கின்றது. ஜேர்மனியிலும் அண்டை நாடுகளிலும் வாழும் எம் பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம்: இதே எஞ்சினின் பச்சை நிற வடிவம், பிரஷ்யர் காலத்து எண்ணும் கழுகுச் சின்னமும் உடையது, எவர் கைக்கேனும் கிட்டுமாயின் வாங்கி அனுப்பி உதவுக. பழையதாயினும் அமையும், ஓடாவிட்டாலும் அமையும். பேழையில் இன்னும் ஒரு சாண் இடம் இருக்கின்றது.