மறைந்து நின்றவன் குற்றவாளியா?

கம்பனின் கிட்கிந்தா காண்டத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வாலி வதைப் படலத்தில் நம் வகுப்பு இரண்டுபடுவது வழக்கம். மார்பில் தைத்த அம்பில் பொறித்திருந்த பெயரைக் கண்டு வாலி கேட்கும் கேள்விகளுக்கு இராமன் ஒரு விடை சொல்கிறான். மறைந்து நின்றது ஏன் என்பதற்கு இலக்குவன் ஒரு விடை சொல்கிறான். இரண்டாலும் அடங்காத மாணவர்கள் எப்போதும் இருப்பார்கள். இவ்வாண்டு கடைசி வரிசையிலிருந்து எழுந்த ஒருவனின் கேள்வி வேறு வகையாக இருந்தது. "எங்க அண்ணன் பட்டாளத்துல இருக்கார், ஐயா. மறைஞ்சு நின்னு சுடறதுதான் அவங்களுக்கு முதல் பாடமே. அப்ப அவரும் தப்பு பண்றவரா?" வகுப்பு அமைதியானது. மணியடித்ததால் நாம் தப்பித்தோம். அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

நம் புறப்பாடல்கள் நமக்குக் கற்பித்த வீரம் மார்பு காட்டும் வீரம். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்தது என்பதற்காகவே நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். வேலும் வாளும் ஆண்ட காலத்தில் அந்த அறத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. கொல்பவனும் கொல்லப்படுபவனும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும் தொலைவில் நின்றார்கள். அத்தொலைவு மாறிய பின்னும் அளவுகோலை மாற்றாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே நம் குறை.

ஐரோப்பியப் படைகளும் நெடுங்காலம் நின்றுதான் சுட்டன. குழலின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கிடிக்கும் துப்பாக்கியைப் படுத்தபடி நிரப்புவது பெரும்பாடு. பின்புறமாகத் தோட்டாவை இடும் துப்பாக்கி வந்ததும் படுத்தவன் படுத்தபடியே நிரப்பிச் சுட முடிந்தது. 1866-இல் ஆஸ்திரியரை பிரஷ்யர் வென்றதில் இதற்கும் பங்குண்டு. 1880-களில் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து பிறந்தது. அதுவரை சுட்டவன் இருக்குமிடத்தை அவனுடைய புகையே காட்டிக்கொடுத்தது. அதன்பின் போர்க்களம் வெறுமையாயிற்று. சாவு வந்துகொண்டிருக்கும், அனுப்புகிறவன் கண்ணில் படமாட்டான்.

இந்த மாற்றத்தின் பொருளைப் பிரிட்டிஷ் படை தென்னாப்பிரிக்காவில் கற்றது. 1899 டிசம்பர் 11 அன்று மாகர்ஸ்ஃபொண்டைன் குன்றின் எதிரே போயர் படையினர் காத்திருந்தார்கள். குன்றின் உச்சியில்தான் பகைவர் இருப்பர் என நம்பிய பிரிட்டிஷ் பீரங்கிகள் முதல் நாள் பிற்பகலில் உச்சியையும் சரிவையும் சல்லடையாக்கியிருந்தன. போயர்களோ, டெ லா ரேயின் யோசனைப்படி, குன்றின் அடிவாரத்தில் பள்ளம் தோண்டிச் செடிகொடிகளால் மூடி அமர்ந்திருந்தார்கள். உச்சியிலிருந்து சுட்டால் குண்டு சாய்வாகப் பாய்ந்து ஓரிடத்தில் மண்ணில் புதையும். அடிவாரத்திலிருந்து சுட்டால் தரையை ஒட்டியே நெடுந்தூரம் செல்லும். விடியற்காலையில் நெருக்கமாக அணிவகுத்து வந்த ஸ்காட்லாந்து வீரர்கள் அதில் சிக்கினார்கள். தளபதி வாக்கோப் மாண்டார். எஞ்சியவர்கள் நிழலற்ற வெளியில், தலைதூக்க வழியின்றி, சுடும் வெயிலில் மணிக்கணக்காகக் குப்புறக் கிடந்தார்கள். அன்று பிரிட்டிஷார் இழந்தவர், காயமுற்றோரையும் சேர்த்து, 900-க்கும் மேல்.

ஆகவே மறைவிலிருந்து சுடுவது ஒளிந்துகொள்வது அன்று. அது ஒரு கலை. கண்ணுக்கு மறைவு வேறு, குண்டுக்குக் காப்பு வேறு. புதர் மறைக்கும், காக்காது. மண்மேடும் தடித்த பாறையும் இரண்டும் செய்யும். வலக்கைக்காரர் பாறையின் மேலாக எட்டிப்பார்க்காமல் அதன் வலப்புறமாகச் சாய்ந்து சுட வேண்டும். மேலே எழுந்த தலை வானத்தின் வெளிச்சத்தில் கரும்புள்ளியாகத் தெரிந்துவிடும். குறிபார்க்கும் முனை குழலுக்குச் சற்று மேலே இருப்பதால், கண்ணுக்கு வழி திறந்திருந்தாலும் குண்டு முன்னிருக்கும் கல்லில் மோதலாம். குழலைக் கல்லின்மேல் கிடத்தாமல் தாங்கும் கையையே அதில் ஊன்ற வேண்டும். ஜன்னலிலிருந்து சுடுபவன் ஜன்னலோரம் நில்லாமல் அறையின் உள்ளிருட்டில் நிற்க வேண்டும். சில முறை சுட்டபின் இடம் மாற வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் ஒற்றை மரத்தை நாடக்கூடாது. எதிரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

போர்க்கதை எழுதும் நம்மவர் பலருக்கு இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. கதாநாயகன் மரத்தின் பின்னிருந்து பாய்ந்து வெளியே வந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்று சுடுகிறான். மொழிபெயர்ப்புகளில் மறைவையும் காப்பையும் ஒரே சொல்லால் கடந்துவிடுகிறார்கள். பதுங்குகுழி, காவலரண், மண்ணணை என்ற சொற்களை ஈழத்து எழுத்து இரத்தம் கொடுத்து நமக்குப் பழக்கியிருக்கிறது. அவற்றையேனும் பொருளறிந்து ஆள வேண்டாமா? உடல் எங்கே கிடந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாமல் எழுதப்படும் வீரம் பொய்வீரம் என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் மறைவு குற்றமன்று என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. 1900 ஜனவரி 23 இரவு பிரிட்டிஷ் படை ஸ்பியான் காப் என்னும் குன்றில் ஏறியது. மூடுபனியில் உச்சியை அடைந்துவிட்டதாக எண்ணிப் பள்ளம் தோண்டினர். அடியெல்லாம் பாறை, முழங்கால் ஆழம்கூடக் கிட்டவில்லை. காலையில் பனி விலகியபோதுதான், பள்ளம் குன்றின் விளிம்பில் இல்லை என்பதும், பக்கத்து மேடுகளிலிருந்து போயர்கள் அதை நீளவாக்கில் சுட முடியும் என்பதும் தெரிந்தன. முன்னிருந்து வரும் குண்டைத் தடுக்கும் பள்ளம் பக்கவாட்டில் வருவதைத் தடுக்காது. மாண்டவர்களை அந்தப் பள்ளத்திலேயே புதைத்தார்கள். அவர்களுக்குக் காப்பாக வெட்டியதே அவர்களின் கல்லறையாக இன்றும் அக்குன்றில் நீண்டு கிடக்கிறது.

அப்போரில் துப்பாக்கியே இல்லாத ஒரு கூட்டமும் இருந்தது. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் நேட்டாலின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்நாளைய நேட்டால் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளரில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். குண்டு பாயும் எல்லைக்குள் அவர்கள் வர வேண்டியதில்லை என்பதே ஏற்பாடு. ஸ்பியான் காப் தோல்விக்குப் பின், கடமையில்லை எனினும் வந்தால் அரசு நன்றி பாராட்டும் என்று தளபதி புல்லர் சொல்லியனுப்ப, அவர்கள் உள்ளே சென்றார்கள். காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலில் சுமந்து நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். கட்டிலின் முனையைத் தோளில் தாங்கியவன் படுக்க முடியாது. பாறையின் பின்னே ஒதுங்க முடியாது. நிமிர்ந்தே நடக்க வேண்டும். நம் புறப்பாடல்கள் போற்றிய மார்பு காட்டும் வீரம் அன்று அந்தக் கூலிகளின் பங்காயிற்று. தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்கு எட்டவில்லை.

ஆகவே அந்த மாணவனுக்கு நம் விடை இது. உன் அண்ணன் குற்றவாளி அல்லர். அவர் எதிரே இருப்பவனும் அவ்வாறே மறைந்திருக்கிறான்; இருவரும் அதை அறிவர். வாலியின் முறையீடு மறைவைப் பற்றியது மட்டுமன்று. அவன் அறியாத ஒரு போரில் அவனைச் சேர்த்துவிட்டதைப் பற்றியது. இன்று அம்முறையீட்டைச் செய்ய உரிமையுள்ளவர்கள் வேறு சிலர்: மறைவிடம் ஏதும் தரப்படாமல் குண்டுகளின் குறுக்கே நடக்கவிடப்பட்டவர்கள். மறைந்து நின்றவன் யார் என்பதோடு, மறைய இடமின்றி நின்றவன் யார் என்றும் இலக்கியம் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டு வாலி வதைப் படலத்தை அக்கேள்வியோடு தொடங்க எண்ணியிருக்கிறோம்.