கட்டும் முன் காட்டுங்கள்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கை நகரத்தில், 2024 டிசம்பர் 17 அன்று ஒரு புதிய விடுதிக் கட்டடம் திறக்கப்பட்டது. பெயர் 'ஐலண்ட் டவர்'. 1971 முதல் அங்கே இயங்கிவரும் 'பாலினேசியன்' விடுதியின் விரிவாக்கம் அது. பழைய விடுதி பசிபிக் தீவுகளின் நீள்வீடுகளை நினைவூட்டும் வகையில் சரிந்த கூரைகளோடு தாழ்வாக, மரங்களுக்கு இடையே பரந்து கிடப்பது. அதன் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிப் பத்து மாடி உயரத்தில் புதிய கட்டடம் நிற்கிறது. 2022 மார்ச்சில் இதன் மாதிரிப் படம் வெளியானபோதே ரசிகர்கள் கொந்தளித்துவிட்டார்கள். தீவின் சாயலே இல்லை, எந்தக் கடற்கரை நகரத்திலும் காணக்கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு இது என்பது அவர்களுடைய முதன்மையான குற்றச்சாட்டு. திறப்பு விழாவுக்குப் பிறகும் அந்த முணுமுணுப்பு ஓயவில்லை.

இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவது இயல்பு. ஒரு தனியார் நிறுவனம் தன் நிலத்தில் தன் பணத்தில் ஒரு விடுதி கட்டுகிறது. ஆண்டுக்கொரு முறை விடுமுறைக்கு வந்துபோகிறவர் அதன் கூரை சரிவாக இல்லையே என்று வருந்துகிறார். வேலையற்ற வேலை என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்க விரும்பவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குலசேகரத்தில் இருந்துகொண்டு இந்தச் சர்ச்சையைப் பார்க்கும்போது, அந்த ரசிகர்களிடம் நமக்கு இல்லாத ஒரு பழக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அந்த ரசிகர்கள் பேசுவது பெரும்பாலும் அழகைப் பற்றியே அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஒரு கட்டடம் தனியே நின்றால் அழகா என்பது அவர்களுடைய கேள்வி இல்லை. நான் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது, நான் காண வந்ததை இந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்றே கேட்கிறார்கள். இதைப் பார்வைக்கோடு என்று சொல்லலாம். டிஸ்னியின் வடிவமைப்பாளர்களே ரசிகர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

1990இல் மைக்கேல் கிரேவ்ஸ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் அங்கே 'ஸ்வான்', 'டால்ஃபின்' என்ற இரண்டு பெரிய விடுதிகள் திறக்கப்பட்டன. கூரையின் மேல் நாற்பது அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் அன்னங்களும் மீன்களும். கட்டடக்கலை மாணவர்களுக்கு அவை இன்றும் பாடம். ஆனால் பக்கத்தில் உள்ள எப்காட் பூங்காவில், பல நாடுகளின் தெருக்களை நகலெடுத்து அமைத்திருக்கும் பகுதியில் நிற்பவருக்கு, அந்த நாடுகளின் கூரைகளுக்குப் பின்னால் இந்த ராட்சத உருவங்கள் எட்டிப் பார்க்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் இதைக் குறை சொல்லிவருகிறார்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் அங்கேயே உண்டு. 1994இல் வேறொரு பூங்காவில், பாழடைந்த பேய் விடுதி ஒன்றின் தோற்றத்தில் 'டவர் ஆஃப் டெரர்' என்ற விளையாட்டு கட்டப்பட்டது. 199 அடி உயரம். 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கை உச்சியில் பொருத்த வேண்டியிருக்கும், அது கற்பனையைக் கலைத்துவிடும் என்பதால் ஓர் அடி குறைத்தார்கள். அந்தக் கோபுரம் தொலைவிலுள்ள எப்காட்டின் மொராக்கோ பகுதிக்குப் பின்னால் தெரியும் என்பதை முன்கூட்டியே கணித்து, அதன் உச்சியின் நிறத்தையும் வடிவத்தையும் மொராக்கோ கட்டடங்களோடு இணங்கும்படி அமைத்தார்கள். மொராக்கோவின் ஒரு பகுதியே அது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். ஆள் தங்காத பொய் விடுதிக்கு இருந்த அக்கம்பக்க நாகரிகம், ஆள் தங்கும் மெய் விடுதிக்கு இல்லாமல் போனது.

பார்வைக்கோடு பற்றிய விவாதம் நமக்குப் புதியதா என்றால், இல்லை. குமரி முனையிலேயே அது நடந்திருக்கிறது. 1963இல் விவேகானந்தர் பாறையில் நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, பாறையின் இயற்கை அழகு கெட்டுவிடும் என்று மறுத்தவர் மத்தியப் பண்பாட்டுத் துறை அமைச்சர் ஹுமாயூன் கபீர். மாநில அரசும் தயங்கியது. அதன் பிறகே ஏக்நாத் ரானடே டெல்லிக்குச் சென்று 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவுக் கையெழுத்துப் பெற்றார். மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. அது இல்லாத குமரிக் கடலை இன்று யாராலும் கற்பனை செய்ய முடியாது. அப்படியென்றால் கபீர் சொன்னது தவறா? அந்தப் பாறையைப் பொறுத்தவரை காலம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டது என்றே சொல்வேன். ரசிகர்களின் கோபமும் பல வேளைகளில் இப்படித்தான் முடிகிறது. பழகிய ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்காத பிடிவாதம் அவர்களிடம் உண்டு. ஆனால் அன்று அந்த விவாதம் முதல் கல் வைக்கும் முன்பே நடந்தது. எதிர்த்தவர் காரணத்தைச் சொல்லி எதிர்த்தார். ஆதரித்தவர் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினார்.

அதே முனையில் 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய்ச் செலவு. நான் பாலத்துக்கு எதிரியல்லன். கடல் மட்டம் தாழும் நாள்களில் வள்ளுவர் சிலைக்குப் படகு செல்ல முடியாமல், மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் கரையில் நின்று பார்ப்பவருக்கு, இரண்டு பாறைகளுக்கும் நடுவே கடலும் வானமும் மட்டுமே இருந்த அந்த இடைவெளியில் இப்போது ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. வளைவு தேவையா, அதைவிடத் தாழ்வான வடிவம் சாத்தியமா, வெள்ளையைத் தவிர வேறு நிறம் பொருந்துமா? இவை பொறியாளர்கள் மட்டுமே பேசி முடிக்க வேண்டிய கேள்விகள் அல்ல. நம் ஊர்களில் மாதிரிப் படம் மக்களிடம் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது, கேள்வியாக வருவதில்லை.

வியப்பு என்னவென்றால், கருத்துச் சொல்வதில் நாம் கூச்சப்படுபவர்களே அல்லர். ஒரு நடிகரின் புதுப்படச் சுவரொட்டி வெளியான ஒரு மணி நேரத்துக்குள் எழுத்துருவிலிருந்து மீசை வரைக்கும் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சில வாரங்களில் கிழிந்துபோகும் சுவரொட்டிக்கு இத்தனை விமர்சகர்கள். ஐம்பது ஆண்டுகள் நிற்கப்போகும் விடுதிக்கு ஒருவரும் இல்லை.

வடிவமைப்பில் உள்ளூர் அடையாளம் வேண்டும் என்ற விருப்பம் இங்கே வணிகத்துக்கும் இருக்கிறது. 2012இல் சென்னை கிண்டியில் திறக்கப்பட்ட ஐடிசி கிராண்ட் சோழா, அறுநூறு அறைகளோடு சோழர் கோயில்களின் தூண்களையும் படிகளையும் விடுதிக்குள் கொண்டுவந்தது. சென்னையை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டபோது, அதன் பெரிய ரோலர் கோஸ்டருக்குத் 'தஞ்சோரா' என்று பெயரிட்டார்கள். பெயரும் தூணும் நல்ல தொடக்கங்கள்தாம். ஆனால் தஞ்சையின் கல்லைக் கிண்டியில் நினைவூட்டுவது எளிது. கிண்டியில் ஒப்பிட்டுப் பார்க்கத் தஞ்சைப் பெரிய கோயில் பக்கத்தில் இல்லை. அருவியை ஒட்டியோ அரண்மனையை ஒட்டியோ கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்படிப்பட்ட ஓர் இடத்தில் எப்படிக் கட்டலாம் என்பதைப் பார்க்க நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டினால் கோவளம். இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக 1969க்கும் 1974க்கும் இடையே சார்லஸ் கொரியா அங்கே வடிவமைத்த விடுதி, கடலை நோக்கிய குன்றின் உச்சியில் ஏறி நிற்கவில்லை. குன்றின் சரிவிலேயே படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வோர் அறைக்கும் கடலைப் பார்க்கும் திறந்த தளம் உண்டு. ஆயினும் கடற்கரையில் நிற்பவருக்குக் குன்று குன்றாகவே தெரிய வேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் பணத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இது முடிந்திருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். குலசேகரத்தைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். சிறிது தொலைவில் கோதையாற்றின் திற்பரப்பு அருவி. அந்தப் பக்கம் 1966இல் கட்டி முடிக்கப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம். தக்கலையை ஒட்டிப் பத்மநாபபுரம் அரண்மனை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. அதனால்தான் பத்மநாபபுரம் அரண்மனையின் கூரைகள் அவ்வளவு சரிந்து, அவ்வளவு தாழ்ந்து இறங்குகின்றன. எங்கள் பழைய ஓட்டு வீடுகளும் அதே இலக்கணத்தில் எழுந்தவையே.

பின்னர் தட்டையான கான்கிரீட் கூரை வந்தது. மழை அதை விடவில்லை. நான்கைந்து ஆண்டுகளில் கசிவு தொடங்கும். வீட்டுக்காரர் மொட்டை மாடியின் மேல் இரும்புக் கம்பங்கள் நட்டுச் சரிவான தகரக் கூரை போடுவார். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரை பேருந்தில் வருபவர், வீட்டின் மேல் வீடுபோல நிற்கும் இந்தக் கூரைகளை எண்ணி மாளாது. கைவிட்ட இலக்கணத்துக்கே மழை நம்மைத் திருப்பி அழைத்துவந்திருக்கிறது, இரட்டைச் செலவில். பயணிகளுக்காக எழும் புதிய விடுதிகளோ நீலக் கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்திய முகப்புகளோடு வருகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுதும் குளிரூட்டி ஓட வேண்டும். அருவிக் காற்று வெளியே நிற்கும். அந்த விடுதியைத் தூக்கி எந்த நகரத்துப் புறவழிச்சாலையில் வைத்தாலும் பொருந்தும். ஃபுளோரிடாவின் ரசிகர் சொன்ன குறையும் இதுவேதான்.

சட்டம் என்ன கேட்கிறது? 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரத்தைக் கேட்கின்றன. தளப்பரப்பு, பக்க இடைவெளி, வாகன நிறுத்தம் ஆகியவற்றைக் கேட்கின்றன. பொதுமக்கள் கூடும் இடத்திலிருந்து அந்தக் கட்டடம் எதை மறைக்கும் என்பது அங்கே முதன்மையான கேள்வி இல்லை. 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து கட்டடத் திட்டங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. ஒரு சுரங்கம் தோண்ட வேண்டுமானால் மக்களைக் கூட்டிக் கேட்கிறார்கள். மாபெரும் விடுதி எழுவதற்கு அந்தக் கூட்டமும் தேவையில்லை. சிற்றூராக இருந்தால் கிராம சபையிலாவது எழுந்து பேசலாம். குலசேகரமும் திற்பரப்பும் பேரூராட்சிகள். கிராம சபை இங்கே இல்லை.

பத்மநாபபுரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1956இல் கல்குளம் தமிழகத்தோடு இணைந்தபோதும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. 2014 முதல் அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே ஒரு மரச்சட்டம் உளுத்தால் கவலைப்பட வேண்டியது கேரளம். வெளியே தெருவில் ஆறு மாடிக் கட்டடம் எழுந்தால் அனுமதி கொடுக்க வேண்டியது தமிழ்நாடு. அரண்மனை மாடத்திலிருந்து தெரியும் காட்சிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், இரண்டு அரசுகளும் மற்றதைக் கைகாட்டலாம்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லியாக வேண்டும். கருத்துக் கேட்கத் தொடங்கினால் எந்தக் கட்டடமும் எழாது, முதலீடு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்பார்கள். வேலைக்காக இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போகும் மண்ணில் இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. டிஸ்னியின் ரசிகர்களும் அந்தக் கோபுரத்தைத் தடுக்கவில்லை. தடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தடுக்கும் அதிகாரம் எங்களுக்கும் வேண்டாம். பார்க்கும் வாய்ப்பும், பார்த்ததைச் சொல்லும் அவகாசமும் போதும். அந்த ரசிகர் வெறும் வாடிக்கையாளர். பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு பூங்காவுக்குப் போய்விடுவார். எங்களுக்கு வேறு அருவி இல்லை.

வேண்டுவது சிறிய நடைமுறை. திற்பரப்பு அருவி, தொட்டிப்பாலம், அரண்மனை, குமரிக் கடற்கரை ஆகியவற்றின் அருகே பயணிகளுக்கான விடுதிக்கு விண்ணப்பிப்பவர், கட்டட வரைபடத்தோடு இரண்டு படங்கள் தர வேண்டும்: மக்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து இன்று தெரியும் காட்சி ஒன்று, கட்டடம் எழுந்த பின் தெரியப்போகும் காட்சி ஒன்று. அவை பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் முப்பது நாள்கள் இருக்க வேண்டும். வந்த கருத்துகளுக்கு விண்ணப்பதாரர் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலும் அதே பலகையில் ஒட்டப்பட வேண்டும். இரண்டாவது படத்துக்குப் புதிதாகச் செலவு ஏதும் இல்லை. வங்கிக்கும் பங்குதாரருக்கும் காட்டுவதற்காகக் கட்டடக் கலைஞரின் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது. சிவாலய ஓட்டத்தில் பல்லாயிரம் பேர் வந்து நிற்கும் திற்பரப்பு அருவிக்கரையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.