தள்ளாட்டமும் தளர்நடையும்

நிலைகொள்ளாது நடத்தலைக் குறிக்கும் ‘சுடாகர்’ என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை என்பாரும் உளர். ‘தடுமாறு’ என்னும் ஒன்றையே எங்கும் இட்டு நிரப்புவாரும் உளர். முன்னவர் தமிழறியார், பின்னவரோ அறிந்தும் அதனைப் பட்டினி போடுவார். பின்னவரால் விளையும் கேடே பெரிது.

அச்சொல்லின் பிறப்பைக் காண்க. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வடபுலக் கடலோடிகளின் பழம் நார்சு மொழியினின்று வந்தது அது. ஆங்கே அதன் வேர்ப்பொருள் தள்ளுதல். நம் ‘தள்ளாடு’ என்பதிலும் ‘தள்ளு’ நிற்கின்றது. கட்குடியனின் நடையைக் கண்ட இருநாட்டு மக்களும், கண்ணுக்குப் புலப்படாத கையொன்று அவனை இப்பாலும் அப்பாலும் தள்ளுவதாகவே உணர்ந்தனர் போலும்! இதனைக் கொண்டு மொழியுறவு பேசிவிடலாகாது. ஒத்த காட்சி ஒத்த சொல்லை ஈன்றது; அவ்வளவே. ஒப்புமை கண்டவுடன் வேர் தோண்டப் புறப்படுவது ஆய்வாகாது.

ஆயின், அதற்கப்பால் இரு சொற்களும் வழி பிரிகின்றன. ஆங்கிலச்சொல் திகைக்கவைத்தலையும் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பொறிவினைஞர், குடியனின் அடிவைப்புப் போல இடமும் வலமுமாக மாற்றி அமைத்தலுக்கும் அதனையே ஆண்டனர். பின்னர், நெரிசலைத் தவிர்க்க அலுவல் நேரத்தை முன்பின்னாகப் பிரித்தலுக்கும் அது சென்றது. 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்து வளைவு நீண்டிருத்தலின், இரண்டாம் தடத்தார் முதல் தடத்தாருக்கு ஏறத்தாழ 7 மீட்டர் முன்னே நின்று புறப்படுவர், அதற்கும் இச்சொல்லே. இங்கெல்லாம் தள்ளாட்டம் ஏது? ‘தடுமாறும் அலுவல் நேரம்’ என்று பெயர்த்தால் அலுவலகமே குடித்திருப்பதாக அன்றோ பொருள்படும்! ‘முன்பின் நேரம்’, ‘முன்பின் தொடக்கம்’ என்க.

மெய்யான நடைக்கும் ஒருசொல் போதாது. முதியவர் தள்ளாடுவர், வழுக்குநிலத்தில் கால் தடுமாறும், வெள்ளத்தில் சிக்கியவன் தத்தளிப்பான், ஒரு கால் குட்டையான நாற்காலி ஆட்டங்கொள்ளும். குழவி நடப்பதோ தளர்நடை. கண்ணனின் அந்நடைக்கெனவே பெரியாழ்வார் தனிப்பதிகம் பாடினார். ஆங்கிலமும் குழவிக்கு ஒன்று, முதியவர்க்கு ஒன்று எனத் தனிச்சொற்களைப் பேணி வழங்குகின்றது. நாமோ இருப்பதை வழங்காமல் விட்டோம்.

‘குழந்தை தடுமாறி நடந்தது’ என்று மாணவன் எழுதினால் அது பிழையன்று. ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கவும் வேண்டா. பக்கத்தில் ‘தளர்நடை’ என்று எழுதிக் காட்டினால் போதும்.