பிசைந்த சோற்றுக்கு என்ன ஆசாரம்?

சென்ற மாதம் ஒரு கட்டுரையில், வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில், கொரியாக்காரர்களின் பிபிம்பாப்பை வேலை நாள் இரவில் அரைமணி நேரத்துக்குள் செய்து சாப்பிட்டுவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். நாவலில் கதாநாயகியைச் சாகடித்தபோதுகூட எனக்கு இத்தனை கடிதங்கள் வந்ததில்லை.

பெரும்பாலான கடிதங்கள் ஒரே கட்சி. ஏழெட்டுக் காய்கறிகளைத் தனித்தனியே பதம் பார்த்து வதக்க வேண்டுமாம். வெள்ளை, கறுப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஐந்து வர்ணமும் ஐந்து திசைகளைக் குறிக்கும்படி சோற்றின் மீது அடுக்க வேண்டுமாம். சுடச்சுடக் கல்சட்டியில் வைத்துப் பரிமாற வேண்டுமாம். அரைமணிக்குள் முடிக்கிற எனக்கு அந்தப் பெயரைச் சொல்லவே அருகதை இல்லையாம். ஒரு புராதன நாகரிகத்தை நான் அவமதித்துவிட்டதாக ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அவரும் கொரியர் அல்லர், நம்மவர்தான்.

நாகரிகத்தை அவமதித்தவன் என்ற பட்டம் சாமானியமானதல்ல. ஆகவே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'பாப்' என்றால் சோறு. 'பிபிம்' என்றால் கலந்தது, பிசைந்தது. பிசைந்த சோறு, அவ்வளவுதான். அரசன் பெயரும் இல்லை, தெய்வத்தின் பெயரும் இல்லை. ஒரு பண்டத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அதில் எது முக்கியமாகப் பட்டதோ அது பெயரிலேயே இருக்கும். இவர்களுக்கு முக்கியமாகப் பட்டது அடுக்குவது அல்ல, கலைப்பது.

இந்தச் சோற்றின் பிறப்பைப் பற்றி அந்த நாட்டிலேயே பல கதைகள் உண்டு. பழைய ஆண்டின் மிச்சத்தைப் புத்தாண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஆண்டின் கடைசி இரவில் இருப்பதையெல்லாம் ஒன்றாகப் பிசைந்தார்கள் என்பது ஒரு கதை. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு நான்கு கிண்ணம் சுமந்துபோக முடியாமல் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்தார்கள் என்பது இன்னொன்று. முன்னோருக்குப் படைத்ததைப் படையல் முடிந்ததும் ஒன்றாகக் கலந்து உண்டார்கள் என்பது மற்றொன்று. அரண்மனைக் கதையும் இருக்கிறது. எந்த ஊரில்தான் இல்லை! எது மெய் என்று தீர்ப்புச் சொல்ல நான் சரித்திர ஆசிரியன் அல்ல. ஆனால் அரண்மனைக் கதையைத் தவிர மற்ற எல்லாக் கதைகளிலும் பொதுவாக ஓர் அம்சம் இருக்கிறது: கையில் இருப்பது, நேரமில்லாதது, ஒரே பாத்திரம்.

சாஸ்திரம் பேசுகிறவர்களுக்குச் சாஸ்திரத்திலிருந்தே ஒரு சங்கதி. இந்தச் சோற்றைக் கொரிய எழுத்தில் செய்முறையோடு குறித்து வைத்த பழைய நூல் 'சியிஜொன்சொ' என்ற சமையற் சுவடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. எழுதியவர் யார் என்று தெரியாது. அதில் என்ன சொல்லியிருக்கிறது? இறைச்சியை ஊறவைத்து வதக்கு, காய்கறிகளை வதக்கு, கடற்பாசியைப் பொரித்து நொறுக்கு, எல்லாவற்றையும் சோற்றில் போட்டு, எள்ளுப்பொடியும் எண்ணெயும் தாராளமாக விட்டுப் பிசைந்து, அப்புறம் பாத்திரத்தில் எடுத்து வை என்கிறது. பிசைந்த பிறகுதான் பாத்திரம்! மேலே முட்டையும் இறைச்சி உருண்டையும் அலங்காரத்துக்கு வருகின்றன. கொச்சுஜாங் என்ற சிவப்பு மிளகாய் விழுதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நண்பர்களின் ஐந்து வர்ண அடுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுவடியின் வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

அந்த மிளகாய்தான் என்ன, ஆதியிலிருந்து அங்கே முளைத்ததா? அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1614-ல் யி சு-குவாங் எழுதிய நூலில் அது ஜப்பானிலிருந்து வந்த காரப் பண்டமாகத்தான் குறிப்பிடப்படுகிறது. நம்முடைய மிளகாயும் கடல் தாண்டி வந்ததுதான்; அது இல்லாத சாம்பாரை இன்று நம்மால் நினைக்க முடிகிறதா?

ஊருக்கு ஊர் வேறுபாடும் இருக்கிறது. ஜொன்ஜு நகரத்தில் சோயா முளையும் மஞ்சள் நிறப் பயற்றங்களியும் சேர்த்து, எலும்புச் சாற்றில் வடித்த சோறு என்று பெருமை பேசுவார்கள். ஜின்ஜுவில் பச்சை மாட்டிறைச்சியைக் கீற்றாக நறுக்கி மேலே வைப்பார்கள். ஆண்டொங்கில் ஒரு வேடிக்கை: 'ஹொத்ஜேசாபாப்', அதாவது பொய்த் திவசச் சோறு. திவசம் செய்யாமலே திவசச் சாப்பாடு! அங்கே மிளகாய் விழுதே கிடையாது, சோயாச் சாறு மட்டும்தான். பௌத்த மடங்களிலோ இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடச் சேராது. இவற்றில் எது அசல், எது போலி? கடிதம் எழுதிய அன்பர் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும். மற்ற ஊர்க்காரர்கள் அவரைக் கவனித்துக்கொள்வார்கள்.

அழகாக அடுக்கியதைக் கலைத்துவிடுகிறார்களே என்று 2009-ல் ஒரு ஜப்பானியப் பத்திரிகையாளர் எழுதப்போய்க் கொரியாவில் பெரிய ரகளையே நடந்தது. பார்க்க ஒன்று, பிசைந்தால் வேறொன்று என்று அவருக்குக் குறை. கொரியர்களுக்குக் கோபம் வந்தது. நியாயந்தான். அவர் பார்த்தது தட்டை; அவர்கள் சாப்பிடுவது அடுத்த நிமிஷத்தை. நம் கடிதக்காரர்கள் கொரியாவின் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் பத்திரிகையாளரின் பக்கம் பேசியிருக்கிறார்கள்.

கொரிய வீடுகளில் 'யாங்புன்' என்று ஓர் அகலமான உலோகக் கும்பா உண்டு. மிஞ்சிய கறிவகைகளையும் சோற்றையும் அதில் கொட்டி, ஒரு கரண்டி மிளகாய் விழுதைப் போட்டுப் பிசைந்து, வீட்டுப் பெண்கள் நாலு கரண்டியை உள்ளே விட்டுச் சாப்பிடுவார்கள். 2005-ல் வந்த 'என் பெயர் கிம் சாம்-சூன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி மனம் உடைந்துபோய் அப்படி ஒரு கும்பாவை அணைத்துக்கொண்டு சாப்பிடுகிற காட்சியை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெண் ஐந்து திசைகளையும் நினைத்துக்கொண்டா சாப்பிட்டாள்?

இனி நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை. முதலில் குட்டை அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிடுவேன். உதிர்கிற சோறு இதற்கு உதவாது, ஒன்றோடொன்று சற்று ஒட்ட வேண்டும். குட்டை அரிசி அகப்படாத நாளில் பொன்னியைக் கொஞ்சம் குழைய விடுகிறேன். அது வேகிற நேரந்தான் என் முழு அவகாசம். இன்னோர் அடுப்பில் வெந்நீர். அதில் பாலக் கீரையை அரை நிமிஷம் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு, இறுகப் பிழிய வேண்டும். சோம்பல்பட்டு இந்தப் பிழிதலைக் குறைத்தால் கிண்ணத்தின் அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும். அவசரத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாத காரியம் இது ஒன்றுதான். அதே வெந்நீரில் சோயா முளை ஐந்து நிமிஷம். மூடினால் கடைசிவரை மூடியே வைக்க வேண்டும், திறந்தால் திறந்தே வைக்க வேண்டும். நடுவில் எட்டிப் பார்த்தால் பச்சை வாடை நின்றுவிடும் என்பது கொரியப் பாட்டிகளின் சட்டம். இரண்டையும் உப்பு, துளி பூண்டு, எள்ளெண்ணெய் விட்டுக் கையாலேயே பிசிறி வைக்கிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை. நம்முடைய நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. அவர்களுடையது வறுத்த எள்ளில் பிழிந்தது. வாசனை அடியோடு வேறு. இல்லாவிட்டால் எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவுங்கள், பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

ஒரே வாணலி போதும். வெளுத்ததிலிருந்து கறுத்ததற்குப் போக வேண்டும். இடையில் கழுவ வேண்டியதில்லை. முதலில் முட்டை, பிறகு காரட்டுக் கீற்று, கடைசியில் சோயாச் சாறும் சர்க்கரையும் பூண்டும் பிசிறிய கொத்திறைச்சி. மாட்டிறைச்சி ஆகாதவர்கள் காளான் போடட்டும். வெள்ளரிக்காயை வதக்காமல் உப்புப் பிசிறிப் பிழிந்தால் போதும். இரண்டு கரண்டி கொச்சுஜாங், ஒரு கரண்டி எள்ளெண்ணெய், அரைக் கரண்டி சர்க்கரை, சில சொட்டு வினிகர், கொஞ்சம் தண்ணீர். குழைத்தால் குழம்பு தயார். சோறு புழுங்கி அடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கிண்ணத்தில் போட்டு, பார்க்காமல் பிசைந்து சாப்பிடுகிறேன். இதில் என்ன பஞ்சமாபாதகம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதுவரை படித்துவிட்டு எதிர்க்கட்சிக்காரர்கள் குதூகலிக்க வேண்டாம். அவர்களும் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அரைமணி எதற்கு, பத்தே நிமிஷத்தில் முடியும் என்கிறார்கள். கடையில் வாங்கிய நறுக்கிய காய், இரண்டு நிமிஷத்தில் சூடாகும் டப்பாச் சோறு, ஒரு பிதுக்கு விழுது. செய்யட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. கொரியாவிலேயே 1996-லிருந்து டப்பாச் சோறு விற்கிறது. ஆனால் 'பத்து நிமிஷத்தில் நான் சமைத்தேன்' என்கிறார்களே, அந்தக் கணக்கைத்தான் நான் ஒப்பமாட்டேன்.

அந்த ஒரு பிதுக்கு விழுது எவ்வளவு நேரத்தில் செய்தது? சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டியாகப் பிடித்து, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துப் பூஞ்சை பிடிக்க விட வேண்டும். அதுதான் மேஜு. அந்தக் கட்டிகளை உப்பு நீரில் ஊறப்போட்டால், தெளிந்து வருவது சோயாச் சாறு. தங்குவது தோன்ஜாங் என்ற விழுது. மேஜுப் பொடியோடு ஒட்டரிசி மாவு, முளைகட்டிய வாற்கோதுமை, மிளகாய்ப் பொடி, உப்பு சேர்த்துக் களிமண் ஜாடியில் வெயிலில் வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தால் கொச்சுஜாங். வெயில் அடித்தால் ஜாடியைத் திறக்க வேண்டும், மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். பக்கத்தில் வைத்துக்கொள்கிற கிம்ச்சிக்கோ குளிர்காலத் தொடக்கத்தில் தெருவே கூடி முட்டைக்கோஸை உப்பில் போட வேண்டும். அந்தக் கூட்டு வேலையை யுனெஸ்கோ 2013-ல் மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. 2024-ல் சோயா விழுது செய்யும் கலையையும் சேர்த்தது. பட்டியலில் ஏறியது கலை. மழைக்கு ஓடியவளின் கால்வலி எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இன்று சோல் நகரத்து அடுக்குமாடி வீட்டில் ஜாடிக்கு இடமில்லை. சிவப்பு டப்பாவில் தொழிற்சாலைச் சரக்குத்தான் வருகிறது. ஆனாலும் நுண்ணுயிர் தன் அவகாசத்தை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. யாரோ கூலிக்கு நின்றுதான் பார்த்துக்கொள்கிறார்கள். எட்டு மாதத்தைப் பிறர் தலையில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு நாம் மார்தட்டுவது, கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுக் கொத்தனார் என்று சொல்லிக்கொள்வது போலத்தான்.

ஆசாரக் கட்சியும் அவசரக் கட்சியும் சண்டை போடுகிறவை போலத் தோன்றினாலும் ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. சமைக்கிற ஆளை இரண்டு கட்சிக்கும் தெரியாது. முன்னவருக்கு அவள் நேரம் கணக்கில்லை. எத்தனை மணி நேரம் நின்றால் என்ன? பின்னவருக்கு அவள் நேரம் நடந்ததாகவே தெரியாது.

முன்னோர் படையல் கதையைச் சொன்னேன் அல்லவா? கொரியாவில் அந்தப் படையலுக்குப் பலகாரம் பொரிப்பது மருமகள்களின் பொறுப்பு. விழுந்து கும்பிடுவது ஆண்களின் உரிமை. பண்டிகை முடிந்ததும் பெண்களுக்கு வருகிற அலுப்புக்கும் மனக்கசப்புக்கும் 'பண்டிகை நோய்' என்று ஒரு பெயரே அங்கே வழங்குகிறது. 2022 செப்டம்பரில், அறுவடைப் பண்டிகைக்கு முன்னால், கன்பூசிய நெறியின் தலைமைப் பீடமான சொங்க்யுன்குவான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. படையலுக்கு ஒன்பது வகை போதும், எண்ணெயில் பொரித்த பண்டம் சடங்குக்குத் தேவையே இல்லை என்றது. ஆசாரத்தின் அசல் காவலர்களே சொல்கிறார்கள்! இத்தனை காலம் அடுப்படியில் வெந்தவர்களுக்கு இது என்ன ஆறுதல் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர்களாவது வாயைத் திறந்தார்கள். கடல் கடந்து இருந்துகொண்டு நம் கடிதக்காரர்கள் ஐந்து வர்ணத்தில் ஒன்று குறைந்தால் நாகரிகம் குடிமுழுகிவிடும் என்கிறார்கள். ஏழு காயை ஏழு பாத்திரத்தில் செய்தால் அந்த ஏழையும் யார் தேய்ப்பது என்று ஒரு கடிதத்திலும் இல்லை.

அந்த நாட்டில் ஒரு வாரத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் 2018-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் 68 மணி வரை வாங்க வழி இருந்தது. அப்படி உழைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற ஒருத்தி, காலையில் மிஞ்சிய கீரையையும் ஒரு முட்டையையும் கும்பாவில் போட்டு நின்றபடியே பிசைந்து சாப்பிட்டால் அது பிபிம்பாப். திருமண விருந்தில் எட்டு வகையோடு வந்தாலும் அது பிபிம்பாப். முன்னதைப் பின்னதன் கள்ளப் பிரதி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் வீட்டில் பிழிந்த கீரை எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மறுநாள் காலையில் விழுது இல்லாமல், சோயாச் சாறு மட்டும் விட்டு, ஆண்டொங் முறையில் பிசைந்துகொள்கிறேன். ஐந்து நிமிஷம் ஆகிறது. சோயாச் சாற்றின் மாதங்களைச் சேர்க்காமல்.