டயாப்பருக்குள் நடக்கும் சோதனை

"அண்ணே, பாப்பாவுக்குத் தொடை இடுக்கெல்லாம் செவந்து கெடக்கு. ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க."

"இந்தாங்கக்கா. காலையில ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் தடவுங்க. மூணு நாள்ல சரியாயிரும்."

மெடிக்கல் ஷாப்பில் இந்தப் பேச்சு முடிய அரை நிமிடம் ஆகாது. டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பதில்லை. குழந்தைக்கு எத்தனை மாதம் என்றுகூடக் கேட்பதில்லை. அம்மா வீட்டுக்குப் போய் கிரீமைத் தடவி, மேலே டயாப்பரை இறுக்கி ஒட்டி விடுகிறாள். சொன்னபடியே மூன்று நாளில் சிவப்பு மறைகிறது. கடைக்காரர் கைராசிக்காரர் என்ற பேச்சு பக்கத்து வீட்டுக்கும் போகிறது!

சரி, இதில் என்ன தப்பு?

தப்பு அந்த டியூபுக்குள்ளேயே ஆரம்பிக்கிறது. இப்படிக் கேட்டவுடன் எடுத்து நீட்டப்படும் கிரீம்களில் பல, மூன்று மருந்துகளின் கலவை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது அதைவிட வீரியமான குளோபெட்டசால். சிவப்பு சட்டென்று மறையக் காரணம் இந்த மூன்றாவது ஆள்தான். நோய் தீர்ந்ததால் சிவப்பு போகவில்லை. தோல் காட்டும் எதிர்ப்பை ஸ்டீராய்டு அமுக்கி விட்டதால் போனது. உள்ளே பூஞ்சை அப்படியே இருக்கலாம். கிரீமை நிறுத்தினால் புண் திரும்ப வரும், திரும்பவும் அதே கிரீம் வரும்.

ஆனால் டியூபில் எழுதாத நான்காவது சரக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் டயாப்பர்.

பெரியவர்களுக்கு வரும் சொரியாசிஸ் போன்ற முரட்டுத் தோல் நோய்களில், மருந்தைப் பூசி மேலே பாலிதீன் தாளைச் சுற்றிக் கட்டும் முறை ஒன்று உண்டு. காற்றுப் போகாமல் மூடினால் தோல் ஈரத்தில் ஊறும், மருந்து பல மடங்கு அதிகமாக உள்ளே இறங்கும். தோல் டாக்டர் இதைத் தெரிந்தே, நாள் கணக்குப் பார்த்துச் செய்கிறார். அதே வேலையைத்தான் டயாப்பர் தெரியாமல் செய்கிறது. அதுவும் சிறுநீரால் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் தோலின் மேல்.

உடம்பில் எல்லா இடத்துத் தோலும் ஒரே மாதிரி மருந்தை உறிஞ்சுவதில்லை. ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் ஹைட்ரோகார்ட்டிசோனைப் பெரியவர்களின் தோலில் பூசி அளந்து பார்த்தார்கள். முன்கை உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் நெற்றி 6, விதைப்பைத் தோல் 42! டயாப்பர் மூடும் இடம் எது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்குத் தோல் சுமார் 16,000 சதுர செ.மீ. 3 கிலோ குழந்தைக்குச் சுமார் 2,000. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று வகுத்தால் பெரியவருக்கு 260 சொச்சம், குழந்தைக்கு 660 சொச்சம். உள்ளே போகும் வாசல் இரண்டரை மடங்கு பெரியது, தாங்க வேண்டிய உடம்போ இத்துனூண்டு.

ஸ்டீராய்டு இப்படி நாள்கணக்கில் ரத்தத்தில் கலந்தால் குழந்தையின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக் கொள்கிறது. முகம் உப்பி வட்டமாகிறது. வளர்ச்சி தடைபடுகிறது. தொற்றை எதிர்க்கும் சக்தி குறைகிறது. டயாப்பர் புண்ணுக்குப் பூசிய குளோபெட்டசாலால் இந்தக் குஷிங் நோய்க்குறி வந்த கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்திருக்கின்றன. கொடுமை என்னவென்றால், உப்பிய முகத்தைப் பார்த்து "பாப்பா கொழுகொழுன்னு ஆயிட்டாளே" என்று சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். விஷயம் தெரிந்து பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. சுரப்பி திரும்ப விழித்துக் கொள்ள நாளாகும். அதற்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மருந்தும் அதைச் செலுத்தும் கருவியும் சேர்ந்த பொருளை மருந்துத் துறையில் கூட்டுத் தயாரிப்பு என்கிறார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட், இன்சுலின் நிரப்பிய பேனா எல்லாம் இந்த ஜாதி. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2002 டிசம்பரில் இவற்றைக் கவனிக்க ஒரு தனி அலுவலகமே திறந்தது. மருந்து தனியாக நல்லது, கருவி தனியாக நல்லது என்று காட்டினால் போதாது, இரண்டும் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்று காட்ட வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

சட்டத்தின் கண்ணில் டயாப்பர் ஒரு கடைச்சரக்கு. மருந்து செலுத்தும் கருவியாக அதை யாரும் எடை போடுவதில்லை. ஆனால் தோலுக்குச் சட்டம் தெரியாது. கிரீமும் டயாப்பரும் சேர்ந்த அந்த நிமிடமே அது ஒரு கூட்டுத் தயாரிப்பு. யாரும் சோதிக்காத, யாரும் பொறுப்பேற்காத கூட்டுத் தயாரிப்பு!

குழந்தையின் தோல் வழியாக விஷம் இறங்கும் என்பது நேற்றுத் தெரிந்த செய்தியும் அல்ல. 1886இலேயே, துணி நாப்கினில் குத்திய முத்திரை மையிலிருந்த அனிலின் சாயம் பச்சிளங் குழந்தைகளை நீலம் பாரிக்க வைத்ததை ரெய்னர் என்பவர் எழுதி வைத்தார். 1972இல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீதத்துக்கும் மேல் கலந்துவிட, 204 பேர் நோயுற்றார்கள், 36 பேர் இறந்தார்கள். வெறும் பவுடர்தானே!

சரியாகச் செய்ய முடியாதா? முடியும். ஊசி போடும் முன் தோலை மரத்துப்போக வைக்கும் எம்லா கிரீமைப் பாருங்கள். அதிலுள்ள பிரிலோகெய்ன் அளவு மீறினால், அந்த அனிலின் சாயம் மாதிரியே ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுத்துக் குழந்தையை நீலமாக்கும். அதையும் பூசி, மேலே மூடித்தான் வைக்கிறார்கள். ஆனால் அதன் விவரத்தாளில் கணக்கு இருக்கிறது. 3 மாதம் வரை அதிகபட்சம் 1 கிராம், 10 சதுர செ.மீ., 1 மணி நேரம். 3 முதல் 12 மாதம் வரை, 5 கிலோவுக்கு மேல் எடை இருந்தால், 2 கிராம், 20 சதுர செ.மீ., 4 மணி நேரம். எவ்வளவு மருந்து, எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் மூடலாம் என்று மூன்றுக்கும் பதில் உண்டு. ஒரு வேளை ஊசி வலிக்கே இத்தனை கணக்கு என்றால், மாதக்கணக்கில் நடக்கும் டயாப்பர் பூச்சுக்கு ஏன் இல்லை?

"எச்சரிக்கை போட்டுத்தானே விற்கிறோம்" என்று கம்பெனிகள் சொல்லலாம். உண்மைதான். பீட்டாமெத்தசோனும் குளோட்ரிமசோலும் சேர்ந்த கிரீமை 17 வயதுக்குக் கீழ் பரிந்துரைப்பதில்லை, டயாப்பர் புண்ணுக்கு வேண்டாம் என்று அமெரிக்க விவரத்தாள் சொல்கிறது. குளோபெட்டசால் 12 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது. ஆனால் எறும்பு ஊர்வது மாதிரி ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் கைக்குழந்தையோடு நிற்கும் அம்மாவுக்கு எதற்கு? அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். அவர்தான் டியூபை நீட்டுகிறார்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பூச்சு மருந்து என்பதால் தப்பித்து வந்த பல ஸ்டீராய்டு கிரீம்களை 2018 மார்ச்சில் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதன் பொருள். சட்டம் தாளில் இருக்கிறது, டியூப் ரேக்கில் இருக்கிறது.

"குழந்தைகளை வைத்தா சோதனை செய்வது?" என்றொரு கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் சோதனை இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாமல், மேற்பார்வை இல்லாமல், முடிவுகளை எழுதி வைக்க ஆளில்லாமல், வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதைவிட ஒழுங்கான சோதனை எந்த விதத்தில் மோசம்?

ஸ்டீராய்டே விஷம் என்று யாரும் ஓட வேண்டியதில்லை. கரப்பான் வந்த குழந்தைக்கு டாக்டர் அளவு பார்த்து எழுதும் ஸ்டீராய்டு நல்ல மருந்து. பயந்து அதை நிறுத்துவதும் தவறு. சாதாரண டயாப்பர் சிவப்புக்குத் தேவை வேறு. அடிக்கடி மாற்றுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் போக உலர்த்துவது, கொஞ்ச நேரம் காற்றாட விடுவது, மேலே ஜிங்க் ஆக்சைடு பூச்சு. நாலைந்து நாளில் குறையாவிட்டால் டாக்டர்.

கம்பெனிகள் செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. டியூபின் மேல், தமிழில், பெரிய எழுத்தில், "டயாப்பருக்குள் பூசக் கூடாது" என்று போடட்டும். குழந்தைக்கென்று புதிதாகக் கிரீம் தயாரிக்கிறவர்கள் டயாப்பர் மாட்டிய தோலில் அது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து காட்டிவிட்டு விற்கட்டும்.

அதுவரை அந்த அண்ணன் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் போதும்: "அக்கா, பாப்பாவுக்கு எத்தனை மாசம்?"